கல்வெட்டில் இல்லாத கதைக்காரன்

மச்சான்,

உன் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அச்சடித்த கல்வெட்டு, அந்த நினைவுப் புத்தகம், என் கையில் இருக்கிறது. மை வாசம் இன்னும் போகவில்லை. பளபளக்கும் அட்டையில் கோட்டுப் போட்டுச் சிரிக்கிறாய். உள்ளே தேவாரம், வம்சாவழி, கடை முதலாளி, கோயில் நிர்வாகசபை உறுப்பினர். நீ கதை எழுதியவன் என்று ஒரு வரியும் இல்லை.

லண்டன் மனோர் பார்க்கில் நாம் இருவரும் இருந்த அறையில், லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த நாவலை வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லுவாய். நான் பருப்பு வைத்துக்கொண்டு கேட்பேன். கரீபியன் தீவொன்றிலிருந்து கப்பலேறி வந்தவர் எழுதியது. அதில் அறை தேடிப் போகிற தீவுக்காரர்களின் முகத்துக்கு நேரே வீட்டுக்காரி கதவைச் சாத்துவாள். அவர்களோ பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டு லண்டனைச் சுற்றுவார்கள். "இது எங்கடை கதையடா. அந்தாள் தன்ரை ஆக்கள் கதைக்கிற மாதிரியே எழுதிப்போட்டார். ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை," என்றாய். அடுத்த கிழமையே நீயும் தொடங்கினாய். பெற்றோல் செட் வேலை, கோழிக்கடை, டொய்லெட் கழுவுகிறவன், அகதிக் கேஸ் நிராகரிக்கப்பட்ட அன்றும் அம்மாவோடு போனில் சிரித்துப் பேசுகிறவன், எல்லாம் நம் வாய்த்தமிழில். ஏழெட்டுக் கதைகள் சிறுபத்திரிகையில் வந்தன.

உன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த காலம் அது. "லண்டன் பெடியன் டொய்லெட் கழுவினான் எண்டு எழுதினால் ஊரிலை எங்களை ஆர் மதிப்பினம்?" என்று கோயில் வாசலில் வைத்தே நம் ஆட்கள் கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப்பேர் கழுவியவர்கள்தான். அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை. நீ எழுதுவதை விட்டுவிட்டாய்.

கல்வெட்டை வாங்கும்போது உன் கதைகளைப் பற்றி உன் அண்ணையிடம் கேட்டேன். "செத்த பிறகாவது அவன் மரியாதையா இருக்கட்டும், தம்பி. அந்தக் கதைப் பேப்பரெல்லாம் வீடு ஒதுக்கேக்கை கவுன்சில் குப்பை வண்டியிலை போட்டாச்சு," என்றார். கெட்ட மனிதரில்லை. என் இலையில் இன்னொரு வடையும் வைத்தார்.

அந்தக் கரீபியன்காரரின் நாவலை என் மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவருடைய ஆட்கள் அவரை மறைக்கவில்லை. "அப்பா, எங்கட ஆக்கள் ஒருத்தரும் இப்பிடி எழுதேல்லையா?" என்று கேட்டாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். ஒரே கட்டிலில் பகலில் ஒருவனும் இரவில் ஒருவனும் ஷிப்ட் பார்த்துத் தூங்கும் உன் கதை ஒன்றின் முதல் வரியையும் சொன்னேன்: "எங்கடை கட்டில் ஒருநாளும் சூடு ஆறினதில்லை."

அவள் சிரிக்கவில்லை. "பிறகு?" என்றாள்.

எனக்கு அந்த ஒரு வரிதான் ஞாபகம் இருக்கிறது, மச்சான்.