வெண்கல வளையத்தில் இரண்டு எழுத்துகள்

2024 ஜூன் 9, ஞாயிறு
பூசை முடிந்து வந்து லேத்தைத் துடைத்து எண்ணெய் விட்டேன். ஷெட் முழுக்க என் லேத். பெர்னார்டின் ஸ்கூட்டர் ஜீவனஹள்ளித் தெருவில் மழையில் நனைகிறது. இருபத்தாறு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவர், முணுமுணுத்தபடி உறை போட்டுவிட்டு வந்தார்.

மூன்று மாதம் கழித்து ரங்காவிடமிருந்து மெசேஜ். ‘அக்கா, இன்னொரு பாஞ்சோ பண்றேன். வளையம் மட்டும் நீங்க கடைஞ்சு குடுங்க.’

என்ன தைரியம்!

ஜூன் 10
எழுதினால்தான் ஆறும். தொழிற்சாலை டூல்ரூமில் பதினெட்டு வருடம் அவன் ஃபிட்டர், நான் லேத்தில் கடையும் டர்னர். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு விளையாட்டாக ஆரம்பித்ததுதான் தோல் போர்த்திய அந்தக் கம்பி வாத்தியம், முதல் பாஞ்சோ. மரவேலை அவனுடையது, வாசிப்பதும் அவன். உலோகம் முழுக்க நான் — தோலை இழுத்துப் பிடிக்கும் இருபத்துநான்கு கொக்கிகள், நட்டுகள், தோலுக்கு அடியில் உட்காரும் வெண்கல வளையம். வளையத்தின் வெளிப்பக்கம், பாஞ்சோவின் கழுத்துக்கு நேர் எதிரே, லெட்டர் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் ஜே, எல் என்று அடித்தேன். ஜூலியா லூர்து. டூல்ரூம் வழக்கம் அது. வேலை கெட்டுப்போனால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமே.

மார்ச்சில் கைவினை இசைக்கருவிக் கண்காட்சி. கடைசி நாள்தான் போனேன். என் எழுத்துகளை அரம் போட்டு எடுத்துவிட்டு அதே இடத்தில் ஆர் என்று அடித்து வைத்திருந்தான். பாவி! அவனையும் பாஞ்சோவையும் போட்டோ எடுக்க வந்த ஒரு பெண் என்னிடம், “மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள். தள்ளி நின்றேன்.

ஜூன் 11
‘சரி’ என்று பதில் போட்டேன்.

ஜூன் 15
முடித்துவிட்டேன். பதினோரு அங்குல வளையம், வெளிவட்டத்தில் தலைமுடி அளவுகூடப் பிசகில்லை. பிறகு உள்பக்கம், எழுத்து விழும் இடத்துக்கு நேர் பின்னால் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்குக் கிரைண்டர் வைத்துத் தேய்த்தேன். நான்கு மில்லிமீட்டர் சுவர் அங்கே ஒன்றுக்கும் கீழே. வெண்கலம் பித்தளை மாதிரி வளைந்து கொடுக்காது. தோலின் இழுப்பைத் தாங்கும்; சுத்தியலைத் தாங்காது.

என் எழுத்தை அடிக்கவில்லை. காலியாக விட்டிருக்கிறேன், அவன் அடித்துக்கொள்ளட்டும். அளந்து பார்க்க மாட்டான். பதினெட்டு வருடத்தில் என் வேலையை ஒரு தடவைகூட அளந்ததில்லை. தன் பெயரை அடிக்காவிட்டால் அவனுக்கு ஒரு கெடுதலும் இல்லை. இதில் என்ன பாவம்?

பெர்னார்ட் எட்டிப் பார்த்தார். “ஒரு எழுத்துக்காகவா இவ்ளோ வன்மம்?”

“ரெண்டு எழுத்து” என்றேன்.

ஜூன் 17
ரங்கா கொடுத்தனுப்பிய மரச்சட்டத்தில் நானே வளையத்தை இறுக்கிப் பொருத்தினேன். உள்பக்கம் இனி வெளியே தெரியாது. ஆட்டோவில் அனுப்பியாயிற்று.

ஜூன் 20
உடைந்திருக்குமா?

ஜூன் 21
போன் இல்லை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு
வந்தான். தோல் போட்டு, கம்பி கட்டி, முழுப் பாஞ்சோவாக. ஷெட் வாசலில் நின்றே வாசித்தான். நல்லாத்தான் இருந்தது, சனியன்.

பிறகு லேத் பக்கத்தில் வைத்தான். காலியிடம் காலியாகவே இருந்தது.

“மார்க் போட மறந்துட்டீங்களேக்கா. உங்க எழுத்த அடிங்க.”

லேத்தைத் துடைக்கத் துணியை எடுத்தேன். “நீயே உன்னுத அடிச்சுக்கோ.”

“கண்காட்சி மொத நாளே ஒருத்தங்க, நீங்களே செஞ்சதான்னு கேட்டாங்க. ஆமான்னு வந்துடுச்சு. அப்புறம் உங்க எழுத்து அதுல இருந்தா எப்படின்னு... தப்புதாங்க்கா. இனிமே எதுலயும் என் பேர அடிக்க மாட்டேன்.”

சொல்லியிருக்கலாம். அளவு சரியில்ல, வேற கடைஞ்சு தரேன்னு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் இல்ல? அவன் சுத்தியலை நீட்டினான், கை வாங்கிடுச்சு. ஜே-வை வச்சு ஒரே அடி.

ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம்.

ரங்கா கொக்கிகளைத் தளர்த்தி வளையத்தைக் கழற்றினான். உடைந்த விளிம்பை விரலால் தடவினான். அவனும் டூல்ரூம்காரன்தானே. அந்த ஒரு இடத்தில் மட்டும் சுவர் ஏன் மெலிந்தது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மரத்தையும் தோலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 24
உடைந்த வளையம் இங்கேயே கிடக்கிறது, அரைகுறை ஜே-வோடு. வெட்கமாக இருக்கிறது. கோபமும் இருக்கிறது — அவன்தானே ஆரம்பித்தான்?

ஜூன் 30, ஞாயிறு
ரங்கா வந்தான். பையிலிருந்து முதல் பாஞ்சோவின் வளையத்தை எடுத்து வைத்தான். ஆர் இருந்த இடத்தை அரம் போட்டுச் சமமாக்கியிருந்தான்.

“இதுல கனம் இருக்கு. இதுல அடிங்க.”

அக்கா என்று சொல்லவில்லை. நான் லெட்டர் பஞ்சுகளை எடுத்து வைத்தேன். அவன் என் பெட்டியிலிருந்து காலிப்பரை எடுத்து, நான் கடைந்த அந்த முதல் வளையத்தைச் சுற்றி நான்கு இடத்தில் அளந்தான். அதன் பிறகுதான் சுத்தியலை என் கையில் கொடுத்தான்.