நிகானோரின் தொப்பியில் சுணை

மார்ச் 4
எனக்கு எழுதத் தெரியாது. மகள் நியூயார்க்கிலிருந்து அனுப்பிய போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. எழுதிக்கொள்ளட்டும்: இந்த அரிப்பு அடுத்த வீட்டு நிகானோரின் வேலை. இரண்டு வீட்டுத் துணியும் ஒரே முள்வேலியில்தான் காய்கிறது. என் சட்டையில் பூனைக்காலிக் காயின் அரிக்கும் சுணையை உதறுகிறான். வேறென்ன? மாதக்கணக்காகக் கழுத்து, முழங்கை, கால் எல்லாம் தோல் தடித்து, ரத்தம்.

மார்ச் 5
அவனுக்கு இது புதிதா? இளவட்டமாக இருந்தபோது, ஊர்ப் புனிதர் திருவிழாவில் எர்மீனியாவோடு மெரெங்கே ஆடப் போன என் காலருக்குள் இதே சுணையைப் போட்டவன். நான் ஆற்றுக்கு ஓடினேன். அவளோடு ஆடியவன் அவன். கட்டிக்கொண்டவனும் அவன். அன்று நான் போட்டிருந்தது பச்சைச் சட்டை, இரண்டாவது பொத்தான் இல்லை.

மார்ச் 9
ஓடைக்கரையில் பூனைக்காலிக் காய் பறித்துவிட்டேன். பொறு, நிகானோர்.

மார்ச் 11
மகள் திட்டியதால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சொன்னாள்: "தோலுக்குள்ள காவக்கார அணுக்கள் இருக்கு தாத்தா. எதிரி வராமலே வந்துட்டான்னு கத்துது. அது கக்குறது நரம்பைச் சீண்டும். நரம்பு பதிலுக்கு அதுங்களை உசுப்பும். நீங்க சொறிஞ்சா ரெண்டுக்கும் வெறி ஏறும்."
"அப்போ சுணை?"
"அது கழுவினா போயிடும். மாசக்கணக்கா நிக்காது."
களிம்பு கொடுத்தாள். தூங்கும்போது சொறியாமலிருக்கக் கைகளைத் துணியால் கட்டிக்கொள்ளச் சொன்னாள்.
அவளுக்கு நிகானோரைத் தெரியாது.

மார்ச் 14
போட்டேன்! டோமினோ மேசையில், அவன் கழற்றி வைத்த தொப்பிக்குள். தலையில் வைத்ததும் குதித்தான் பார்!
"எவன்டா அது?"
"நான்தான்டா. எர்மீனியாவுக்காக."
"அவ செத்தே வருஷமாச்சு, கிறுக்கா!"
தலையைக் கழுவினான், சுணை ஒட்டிக்கொண்டு வரக் கரும்புப் பாகைத் தேய்த்தான். அடுத்த ஆட்டத்துக்குள் சரியாகிவிட்டது. அதில் ஜெயித்தவனும் அவன்தான். நான் சொறிந்துகொண்டே வீடு வந்தேன்.

மார்ச் 15
அவனுக்கு அரித்தது ஒரு ஆட்ட நேரம். எனக்கு— அப்படியானால் என் சட்டையில் ஒன்றுமே இல்லையா? சீ.

மார்ச் 19
நேற்று இரவு களிம்பு பூசி, இடது கையை நானே கட்டினேன். வலது கையை யார் கட்டுவது? வேலியோரம் நின்று நிகானோரைக் கூப்பிட்டேன். வந்தான்.
"இறுக்கமா இருக்கா?"
"இன்னும் இறுக்கு."
"காலையில யாரு அவுப்பா?"
"நீதான்."
"எப்ப வர்றதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்," என்று சிரித்துக்கொண்டே போனான்.
வெயில் ஏறிய பிறகுதான் வந்தான், வேண்டுமென்றே. அவன் கதவைத் தட்டியபோதுதான் விழித்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு அப்படித் தூங்கியிருக்கிறேன்!
அதை அவனிடம் சொல்லவில்லை.