அக்காவின் வலது கை அடங்கிய நாள்

அன்புள்ள என் அக்காவுக்கு,

நம் மலையில் வளப்பூர்ப் பக்கம் செல்போன் கோபுரம் வந்துவிட்டது. இந்த வருஷம் மிளகு சரியில்லை. அம்மா இன்னும் உன் பாயைச் சுருட்டி வைக்கவில்லை.

அப்பாவுக்கு வந்த அதே நோய்தான் உனக்கும் வந்தது. ஹண்டிங்டன் என்று சேலத்தில் பெயர் சொன்னார்கள்; பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கக்கூடியதாம். கையும் காலும் தானாகத் துள்ளும், பேச்சு குழறும். பஸ்ஸில் ஒருவன், "பொம்பளை குடிச்சுட்டு வருது பாரு" என்றான். "குடிச்சிருந்தா உனக்கும் ஊத்தியிருப்பனே" என்று குழறிக்கொண்டே சொல்லிச் சிரித்தவள் நீ.

உன் கை அடங்கிய அன்று காலை, நான் வேலையாயிருந்த மிளகுக் காட்டுக்கே அம்மா ஓடி வந்தாள். "கண்ணு, ஊட்டுக்கு ஓடியா! அக்காளுக்குக் கை ஆட்டம் நின்னுபோச்சு! சாமி கண்ணத் தொறந்துட்டாரு!"

உன் வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. வலது காலும் அடங்கியிருந்தது. இடது பக்கம் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. அம்மா உன் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உன் வாய் கோணியிருந்தது, பேச்சு வரவில்லை. எல்லாம் அந்த நோய்தான் என்றிருந்தோம். என்னையே பார்த்தாயே அக்கா, என்ன சொல்ல வந்தாய்?

மறுநாள் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. உன்னை மடியில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் மலை இறங்கினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "ரத்தக்கொதிப்பு கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"பாத்ததே இல்லீங்க. எது வந்தாலும் அந்த நோயின்னே விட்டுட்டோமுங்க" என்றேன்.

"இது பக்கவாதம். மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சதாலதான் ஒரு பக்கம் ஆட்டம் நின்னிருக்கு. அந்த நோய் இருந்தா இது வராதுன்னு இல்லைங்க."

"அப்ப அது கொணமானது இல்லீங்களா?" என்று அம்மா கேட்டாள். அந்த வாரமே நீ போய்விட்டாய்.

இப்போது என் இடது கால் விரல்கள் தாமாக அசைகின்றன. அம்மாவுக்குத் தெரியாது. என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "ஏனுங்க, கால் ஏன் இப்படி ஆடுது?" என்றாள். எனக்கும் அது தொடங்கிவிட்டது என்று சொன்னேன். வெகுநேரம் அழுதாள். பிறகு, "மொதல்ல பிரஷர் பாக்கலாம், எந்திரிங்க" என்று இழுத்துப் போனாள். கொதிப்பு இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறேன்.

அப்பாவின் நோயைத் தடுக்க என்னால் ஆகாது. ஆனால் என் உடம்பில் எது நேர்ந்தாலும் அந்த நோயின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க யாரையும் விடமாட்டேன். என் மகளுக்கு விவரம் தெரியும் வயது வரும்போது, நானே அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லுவேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன் கூடப் பிறந்த தம்பி,
பெரியசாமி