ஆதிகேசவன் கொடுத்த டிரம்

1972 ஏப்ரல் 18

ஓடிவிட்டது! பழைய இரும்புக்குப் போக வேண்டிய பம்பு இன்று காலை பத்தரை மணிக்கு என் கையால் ஓடிவிட்டது.

பதினோரு வருஷமாக லாரி ஷெட்டில் பஸ்ஸும் லாரியும் கழுவுகிறேன். முதலாளி புது பம்பு வாங்கியதும் பழையதை மூலையில் தள்ளினார். "எடுத்துக்கினு போ யேசுதாஸு, எடத்த அடைச்சிக்கினு இருக்குது" என்றார். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்த பம்போடுதான் எனக்குக் குடித்தனம். இது என் பெண்டாட்டி சம்பூர்ணம் சொல்வது. வயலில் கிடந்த ஒரு மண்ணெண்ணெய் எஞ்சினைக் கொண்டுவந்து பெல்ட் போட்டு மாட்டினேன். இன்று பீய்ச்சிய வேகத்தில் எதிர்வீட்டு முருங்கை மரம் மொட்டையாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி வைதாள். எஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. நல்லதுதான்.

இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். லாரியைக் கழுவலாம் என்றால் வீட்டை ஏன் கழுவக் கூடாது? இந்த ஊர் மாடி வீடுகளின் முகப்பைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கிறது. கைப்பிடிச் சுவரிலிருந்து கரும்பாசி வழிந்து நிற்கிறது. அதன் மேலேயே சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் கருப்பு. அழுக்கை எடுக்காமல் பவுடர் பூசினால் எத்தனை நாள் நிற்கும்?

ஏப்ரல் 23

எங்கள் கோயில் மதில் சுவரில் முதல் முயற்சி. போதகர் ஜெபம் பண்ணி ஆரம்பித்து வைத்தார்.

பாசி போயிற்று. பாசிக்குப் பின்னால் இருந்த காரையும் போயிற்று. காரைக்குப் பின்னால் இருந்த செங்கல் பல்லைக் காட்டியது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். இரண்டு முழம் அகலத்துக்கு ஓட்டை மாதிரி.

ஐயோ, தலையே சுற்றுகிறது. நானே பூசிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 24

சம்பூர்ணம் கெட்டிக்காரி. கெட்டிக்காரி. கெட்டிக்காரி. அவளிடம் சொன்னால் தலையில் ஏறிக்கொள்வாள் என்பதால் இங்கே மூன்று தடவை எழுதிவைக்கிறேன்.

அவள் பிள்ளையார்பாளையத்தில் ஆதிகேசவன் சாயப்பட்டறையில் பட்டு அலசுகிறாள். சுவர் கதையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "பட்டுல இருக்கற பசைய நாங்க அடிச்சா எடுக்கறோம்? சுடுதண்ணில சோப்பும் சோடாவும் போட்டா அதுவே வுட்டுட்டு வந்துடும். அப்பறம் அலசறதுதான். நீ செவுத்த லாரின்னு நெனச்சிக்கினு மொரட்டுத்தனமா அடிக்கிற."

பதினோரு வருஷம் தண்ணீரோடு பழகிய எனக்கு இது தோன்றவில்லையே!

ஏப்ரல் 30

சுடுதண்ணீரில் சோடாவும் சோப்பும். மெதுவாகத் தெளித்து அரை மணி நேரம் ஊற விட்டேன். பீய்ச்சுகிற குழாய் முனையைக் கழற்றிவிட்டுப் பூவாளி மூக்கை வைத்துக் கட்டினேன். கீழிருந்து மேலே நனைத்து, மேலிருந்து கீழே அலசினேன். இருபது வருஷத்துப் பாசி கரைந்து ஓடியது. காரை அப்படியே இருக்கிறது. கையால் தடவிப் பார்த்தேன். ஒரு பொடிகூட உதிரவில்லை.

போதகர், "இது அந்தச் செவுருதானாப்பா?" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஏணியில் இருந்ததால் குதிக்கவில்லை.

மே 6

கிடைத்துவிட்டது! முதல் வீடு!

லாரி கழுவ ஷெட்டுக்கு வந்த ராஜவேலு, எங்கள் கோயில் மதிலைப் பார்த்தாராம். "எம் வீட்டு மொகப்ப கழுவித் தர்றியா? கருட சேவைக்குப் பெருமாள் எங்க தெரு வழியாத்தான் வர்றாரு. அன்னிக்கி வீடு பளிச்சினு இருக்கணும்" என்றார். கருட சேவை இருபத்தேழாம் தேதி. பழைய மாடி வீடு, போன வருஷம்தான் வாங்கினார். முகப்பில் காரையில் செய்த இரண்டு கிளி, நடுவில் தாமரை. எல்லாம் பாசி மூடிக் காக்காய் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன.

ராஜவேலுவுக்குச் சொந்த ஊர் முசரவாக்கம். எங்களுக்கும்தான். அவர் அப்பாவின் நிலத்தில் என் அப்பா வேலை செய்தார். ராஜவேலுவுக்கு அது நினைவு இருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. அந்த வீட்டுக் கிணற்றுக் கயிற்றை அப்பா தொட்டதே இல்லை. யாராவது வந்து இறைத்து ஊற்றும்வரை குடத்தோடு வெயிலில் நிற்பார்.

அந்த வீட்டு மகன் வீட்டில் நான் ஏணி போட்டு மேலே நிற்கப் போகிறேன்.

மே 8

ஷெட் வேலையை விட்டுவிட்டேன். முதலாளி, "திரும்பி வந்தா எடம் இருக்காது" என்றார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நல்லபடியாகக் கழுவினால் அந்தத் தெருவே என்னைக் கூப்பிடும். கெடுத்துவிட்டால் ஊரே சிரிக்கும், ஷெட்டும் இல்லை. பயமா? இல்லை, சந்தோஷம். இரண்டும்தான்.

மே 13

சம்பூர்ணம் கேட்டாள்: "தண்ணிக்கு இன்னா பண்ணுவ?"

அந்த வீட்டின் பின்கட்டில் கிணறு இருக்கிறது. நல்ல ஊற்று. கோடையிலும் தண்ணீர் மேலே நிற்கிறது என்று சொல்கிறார்கள். பம்பின் உறிஞ்சு குழாயை இறக்கினால் போதும். ஆனால் கேட்க வேண்டுமே. கேட்டு, அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டால்? அப்புறம் எவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். வாய் சும்மா இருக்காது. வேலை போய்விடும்.

"நானே தண்ணி கொண்டுபோறேன்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மே 16

ஆதிகேசவன் ஒரு பெரிய டிரம் கொடுத்தார். நல்ல மனுஷர். "நல்லா கழுவித்தான் வச்சிருக்கேன், எடுத்துக்கினு போப்பா" என்றார். மாட்டுவண்டியில் ஏற்றி எங்கள் தெருக்குழாயில் நிரப்புகிறோம். ஒரு டிரம் நிரம்ப ஒரு மணி நேரம். போகட்டும்.

மே 17, 18, 19

பக்கச் சுவர் முழுக்க முடிந்தது! தெருவில் நின்று பார்க்கிறார்கள்! நெசவுக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருவர், "எம் வீட்டுக்கு எப்ப வர்ற?" என்று கேட்டுவிட்டுப் போனார். இதுவரை டிரம்மில் பச்சைத் தண்ணீர் மட்டும். சோடா கலக்குவது வாளியில். முகப்பு பெரியது, வாளி போதாது. நாளை சுடுதண்ணீரை டிரம்மிலேயே ஊற்றிக் கலக்கிவிடலாம். வேலை பாதியாகும். எனக்கும் மூளை இருக்கிறது!

மே 20

எழுதவே கை வரவில்லை.

முகப்பு முழுக்கத் தெளித்துவிட்டு, ஊறட்டும் என்று நிழலில் உட்கார்ந்தேன். ராஜவேலுவின் மனைவி காந்தா வெளியே வந்தார்கள். மேலே பார்த்தார்கள். "இன்னாப்பா இது, வீடு வெத்தலை போட்டிருக்குது?" என்றார்கள்.

வீடு சிவப்பு. தாமரை சிவப்பு. கிளி சிவப்பு. தாழ்வாரம் வரை ரோஸ் ரோஸாக வழிகிறது.

டிரம்மின் அடிமடிப்பில் அரக்குச் சாயம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பச்சைத் தண்ணீருக்கு அசையாதது, சுடுதண்ணீர்ச் சோடாவுக்குக் கரைந்து வந்துவிட்டது. சாயக்காரர் டிரம்மில் சோடாவைக் காய்ச்சி ஊற்றினால் வேறு என்ன வரும்? என் பெண்டாட்டி தினமும் பார்க்கிற வேலை, எனக்குத் தெரியாதா! முட்டாள்! அவசரக்காரன்!

ராஜவேலு வந்து கத்தினார். கத்த வேண்டியதுதான். கடைசியில் அவர் கேட்டதுதான் தாங்கவில்லை. "கண்ட டிரம்ம எதுக்குயா தூக்கிக்கினு வந்த? வீட்ல கெணறு இருக்குது இல்ல?"

நாலு நாளாக மாட்டுவண்டியில் தண்ணீர் வருகிறது. நாலு நாளாக அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?

எனக்கு வாய் திறந்துவிட்டது. "முசரவாக்கத்துல உங்க வீட்டுக் கெணத்துல எங்கப்பா ஒரு நாளும் கயிறு தொட்டதில்லீங்க. இந்தக் கெணத்துல நான் பைப்பு எறக்கலாமா, வேணாமா? அத நீங்க வாயால சொல்லுங்க. நீங்க சொல்லாம நான் எறக்க மாட்டேன்."

தெருவில் நின்றவர்கள் எல்லாம் கேட்டார்கள். அவர் முகம் சுருங்கியது. "யோசிச்சி சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டார்.

மே 21

ஞாயிறு. ஆராதனையில் மனம் நிற்கவில்லை. ஆதிகேசவனைப் போய்ப் பார்த்தேன். பாவம், அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பிளீச்சிங் பவுடர கரைச்சி தெளி, சாயம் வுட்டுடும். ஆனா நல்ல தண்ணி ஊத்திக்கினே இருக்கணும்பா. நிறுத்துனா சுண்ணாம்பையும் சேர்த்துத் தின்னுடும்."

ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டிரம்மால் முடியாது. கிணறு ஒன்றுதான் வழி. கருட சேவைக்கு ஆறு நாள்.

நான் அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ? சம்பூர்ணத்திடம் கேட்டேன். "பேசினது சரி. டிரம்ம கழுவாததுதான் தப்பு" என்றாள்.

மே 22

ராஜவேலு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

மே 23

எறக்கியாச்சு!

காலையில் போய்த் தெருவில் எஞ்சின் பக்கம் நின்றேன். சொல்லாமல் உள்ளே போவதில்லை என்று முடிவு. ராஜவேலு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார், என்னைப் பார்த்தார், வாசலிலேயே நின்றார். பின்னாலிருந்து காந்தா அம்மா குரல்: "அவரு யோசிச்சிக்கினே இருப்பாரு. பெருமாள் யோசிச்சிக்கினு நிக்க மாட்டாரு. பைப்ப எடுத்துக்கினு வாப்பா."

நான் அசையவில்லை. அவர் வாயால் வர வேண்டும் என்று சொன்னேனே. ராஜவேலுவையே பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார். "எறக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எறக்குப்பா, நான் சொல்றேன் இல்ல" என்றார்.

நடையைக் கடந்து, கூடத்தைக் கடந்து, அடுப்படியைத் தாண்டி, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். கிணற்றில் என் முகம் தெரிந்தது. குழாய் தண்ணீரைத் தொட்டது. அப்பா, நீ இருந்திருக்கலாம்.

மே 24

சாயம் போகிறது! ஒரு கிளி வெள்ளையாகிவிட்டது! தண்ணீர் நிற்காமல் வருகிறது, என்ன கிணறு!

ஆனால் மனதில் ஒரு முள். கருட சேவை முடிந்ததும் இந்தக் கிணற்றை இறைத்துக் கொட்டிவிட்டு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்களோ? பெருமாளுக்காகத்தானே சம்மதித்தார்கள்? கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

மே 25

இதை மெதுவாக எழுதுகிறேன்.

பதினொரு மணி இருக்கும். தாமரையை அலசிக்கொண்டிருந்தேன். காந்தா அம்மா பித்தளைக் குடத்தோடு வெளியே வந்து, "கொஞ்சம் நிறுத்துப்பா" என்றார்கள். ஏணியை விட்டு இறங்கினேன். பம்பிலிருந்து மீதித் தண்ணீர் வெளியே விழுமே, அந்தக் குழாயின் கீழே குடத்தை வைத்தார்கள்.

"ஒலை வைக்கணும். இவ்ளோ தண்ணி சும்மா கொட்டிக்கினு இருக்குது, நான் எதுக்கு இறைச்சிக்கினு கெடக்கணும்?"

குடம் நிரம்பியது. இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். இரண்டாவது குடத்துக்கும் வந்தார்கள்.

என் பம்பில் வந்த தண்ணீர். அதில் சோறு வேகிறது. நான் ஏணியில் ஏறி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரே இடத்தை அரை மணி நேரம் அலசினேன்.

மே 27

கருட சேவை. விடிந்ததும் விடியாததுமாக நானும் சம்பூர்ணமும் போய் எதிர்ச்சாரியில் நின்றோம். கூட்டமெல்லாம் பெருமாளைப் பார்த்தது. நான் வீட்டைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இரண்டு கிளி. இடது கிளியின் இறக்கைக்கு அடியில் மட்டும் ஒரு விரல்கடை ரோஸ் நிற்கிறது. எனக்கும் சம்பூர்ணத்துக்கும் மட்டும் தெரியும். அவள் முழங்கையால் இடித்துச் சிரித்தாள்.

ஜூன் 4

ஐந்து வீடு கூப்பிட்டிருக்கிறார்கள்! போர்டு எழுதக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 9

ஒரு வீட்டில், "தண்ணிய நீயே கொண்டாந்துடு" என்றார்கள். கிணறு கொல்லையிலேயே இருக்கிறது. கோபம் வந்தது. ஆனால் கத்தவில்லை. "கெணறு குடுத்தா கழுவறேங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினேன். போகட்டும், நாலு வீடு இருக்கிறது.

ஜூன் 13

அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். கிணற்றைப் பற்றிக் கேட்டேன். "மூடிய எடுத்து வச்சிருக்கறோம்னு சொல்லச் சொன்னாங்க" என்றார்.

மாலையில் டிரம்மைச் சோடா போட்டுத் தேய்த்துக் கழுவி, ஆதிகேசவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வேலை முழுக்க முடியட்டும்பா, அதுக்குள்ள எதுக்கு?" என்றார். இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.