கழுதைப்புலிக்குப் போட்ட நாற்காலி

மார்ச் 3
இந்தக் கோணல் எழுத்தைப் படிக்கப்போவது நான் ஒருவன்தான். என்னை நானே மன்னித்துவிட்டேன். எழுபது வயதில் கற்ற எழுத்து. 'ழு' இன்னும் நெளிகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்: கழுதைப்புலி. அப்பாடா!

காய்ந்த காட்டில் ஒரு சரளை மேடு. அதில் ஒரு தாய்க் கழுதைப்புலியின் வளை, உள்ளே அவளுடைய குட்டிகள். தூரத்துப் பரணில் இருந்து தொலைநோக்கியில் பார்த்து, கழுதைப்புலிகளை ஆராய வந்திருக்கும் ஆய்வாளர் பெண்ணிடம் சொல்வதுதான் என் வேலை. கிட்டே போகக் கூடாது.

மனைவி சிரிக்கிறாள். "போயும் போயும் அந்த நாத்தம் பிடிச்சதுக்கா காவல்? ஒரு மான் கூடவா கிடைக்கல உங்களுக்கு?"

மார்ச் 6
சரளை அள்ள லாரி வந்தது. சாலை போடும் கான்ட்ராக்டர், "பெருசு, தள்ளு" என்றான். வளை வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தள்ள மாட்டேன். என்னடா செய்வே? லாரி திரும்பிப் போனது. இன்று எனக்கு இருபது வயது.

மார்ச் 7
அய்யோ.

மார்ச் 8
நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. முந்தாநாள் நான் வீடு திரும்பிய பிறகு தாய் தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வெளியேறிவிட்டாள். வளையருகே கட்டிய கேமராவில் படம் இருக்கிறது.

"லாரிக்குக்கூடப் போகல ஐயா. உங்க வாசனைக்குத்தான் போயிட்டா" என்றாள் ஆய்வாளர் பெண். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

கான்ட்ராக்டருக்கும் தெரிந்துவிட்டது. "காலி வீட்டுக்கு எதுக்குய்யா காவல்? நாளைக்கு அள்ளிடுவேன்."

தொந்தரவு இல்லாவிட்டால் தாய் திரும்பி வரலாம் என்கிறாள் ஆய்வாளர் பெண். அப்படியானால் நானும் விலக வேண்டும், லாரியும் வரக் கூடாது. எப்படி?

மார்ச் 9
இப்படித்தான். பெரிய சாலையிலிருந்து காட்டுப்பாதை பிரிகிற இடத்தில், நட்டநடுவில் நாற்காலி. அங்கிருந்து மேடு கண்ணுக்கே தெரியாது. ஓட்டுநர் ஹாரன் அடித்தான். "காது கேக்காது தம்பி" என்றேன். நன்றாகக் கேட்கும்.

மார்ச் 12
மனைவி சாப்பாடு கொண்டுவந்த நேரம் பார்த்து கான்ட்ராக்டர் கத்தினான்: "கிழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"எங்க வீட்டுக் கிழவனை நான் திட்டிக்கிறேன். நீ யாரு?" என்றாள். அவன் லாரியைத் திருப்பச் சொன்னான். நான் எழுந்து அவளுக்கு நாற்காலியைக் கொடுத்தேன்.

மார்ச் 15
இப்போது இரண்டு நாற்காலிகள்.

ஆய்வாளர் பெண் கேமரா படத்தோடு ஓடிவந்தாள். வாயில் குட்டியோடு தாய்க் கழுதைப்புலி. "பழைய படம்தானே?" என்றாள் மனைவி.

"இல்லம்மா, நல்லா பாருங்க. முகம் எந்தப் பக்கம் இருக்கு?"

வளையைப் பார்த்து இருந்தது.

கான்ட்ராக்டர் அடுத்த வாரம் ஆட்களோடு வருகிறானாம். வரட்டும். வந்து போனதையும் இதே கையால் எழுதுவேன். அதற்குள் 'ழு' நிமிர்ந்துவிடும்.