பஸ்ஸில் விழாமல் நின்றது

ஞாயிறு, இரவு

நோர்வூட் சந்தியில் பஸ் சட்டென்று பிரேக் போட்டது. நின்றவர்கள் எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். போன வருடம் பள்ளிக்கூடப் படியில் விழுந்து இடுப்பு முறிந்த நான் விழவில்லை. முழங்கால் தானாக மடங்கி, பாரம் பாதத்துக்கு இறங்கிவிட்டது. ஹாங்காங்கில் வீட்டுவேலைக்குப் போன இடத்தில் தாய் சி என்ற சீன உடற்பயிற்சியைப் பழகி வந்த செல்வி, சர்ச் மண்டபத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

வகுப்பில் அவளிடம் சொன்னேன்.

"பயந்தீங்களா டீச்சர்?"

"இல்ல."

"அப்ப சரி. வர்ற மாசம் நான் திரும்பவும் ஹாங்காங் போறேங்க. இனிமே இவங்களுக்கு நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்."

விழாமல் நிற்கக் கற்றுத்தந்ததற்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எல்லோரையும் என் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அவளும் கடைசி வரிசையில் போய் நின்றாள். வேறு வழியில்லாமல் மெதுவாகக் கைகளைத் தூக்கினேன். அவளும் தூக்கினாள்.