அப்பா அனுப்பும் தாளில் கையெழுத்துப் போடாதே

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எப்போதும் என் நினைப்பு. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். காலையிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை கால் ஓடவில்லை, அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன், அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. விஷயம் இதுதான். இந்தக் கடிதத்துக்கு முன்னாலோ பின்னாலோ அப்பாவிடமிருந்து ஒரு கவர் வரும், அதில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் கொடுத்த தாள் இருக்கும், உன் பெயருக்கு நேரே பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, இங்கே கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு என்று எழுதியிருக்கிறார். நீ அனுப்பாதே. சண்டை வந்தால் என்னோடு வரட்டும்.

அப்பாவின் நுரையீரலைச் சுற்றித் தடிப்பு இருக்கிறது, ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வந்தது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தது உனக்குத் தெரியும். அப்பா வேலை பார்த்த அந்தக் கூரை ஷீட் ஃபேக்டரியை மூடிப் பல வருஷமாகிறது, ஆனாலும் தொழிலாளிகளுக்காக முதலாளிகள் அன்றைக்கு எடுத்து வைத்த இன்ஷூரன்ஸ் இன்னும் செல்லும் என்று நம் வழக்கை நடத்தும் வக்கீலம்மா தேடிக் கண்டுபிடித்தார். போன வாரம் கம்பெனி ஆள் வந்தார், இஸ்திரி கலையாத சட்டை, நம் நாற்காலியில் பாதி உடம்பைத்தான் வைத்தார். அப்பாவுக்கு ஒரு தொகை தருவார்களாம், அதற்குப் பதிலாக அவரும் மனைவியும் பிள்ளைகளும் இனி எந்த நோய்க்காகவும் எந்தக் காலத்திலும் வந்து கேட்கமாட்டோம் என்று எழுதித் தர வேண்டுமாம். நாங்கள் கேட்க என்ன இருக்கிறது என்றேன். ஒன்றுமில்லையம்மா, காப்பீடு வேலை செய்தவர்களுக்கு மட்டும்தான், இது சும்மா ஒரு வழக்கம் என்றார். ஒன்றுமில்லை என்றால் எங்கள் கையெழுத்து எதற்கு என்று கேட்டேன், மனுஷன் பேனாவை மூடித் திறந்து மறுபடி மூடினார். அப்பாவோ, இவள் சோப்பு வாங்கினாலும் குறுக்கு விசாரணை செய்வாள் சார் என்று சிரித்தார், அந்தச் சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் மேல் குற்றமில்லை, அலைந்து அலைந்து சலித்துவிட்டார்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஃபேக்டரிக்கு அந்த ஆஸ்பெஸ்டாஸ் நார் சாக்குகளில்தான் வரும், காலிச் சாக்கை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று விட்டிருந்தார்கள், நாங்கள் அதைப் பெரிய சலுகையாக நினைத்தோம். வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் சந்தில் நின்று உதறி, துவைத்து, மடித்துத் தைத்துப் பிள்ளைகளுக்குப் படுக்கையாக்கினோம். உதறும்போது மாவு சலிப்பது போல வெள்ளையாகப் பறக்கும், நீ அதற்குள் நின்று கைதட்டி ஆடுவாய். என் தையல்தான் நெருக்கம் என்று அக்கம்பக்கத்தார் என்னிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டார்கள், எனக்கு அதில் பெருமை வேறு. ஏழு வயதுவரை நீ படுத்தது அதில்தான். எனக்குத் தெரியாதடி. தெரிந்தவர்கள் மேலே இருந்தார்கள், வாயைத் திறக்கவில்லை, வழக்கே அதுதான் என்கிறார் வக்கீலம்மா. ஆனாலும் உதறியது என் கைதானே என்று மனசு ஆறமாட்டேன் என்கிறது.

ஒரு மாதமாக இருமல், ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று போனில் சொன்னாய். அப்படியே இருக்கட்டும். பயமுறுத்தவில்லை, ஆனால் இந்த வாரமே போய் நெஞ்சு எக்ஸ்ரே எடு, சாக்கு விஷயத்தை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல், அறிக்கையின் நகல் ஒன்றை வக்கீலம்மாவுக்கு அனுப்பு. அவர் சரி என்னும்வரை அந்தத் தாள் உன் அலமாரியிலேயே கிடக்கட்டும். அப்பாவுக்குச் சேர வேண்டியதை மட்டும் தனியாகக் கேட்க வழி உண்டாம், கொஞ்சம் நாளாகுமாம்.

செவ்வாய்க்கிழமை நானும் போய் எடுத்துக்கொண்டேன். கண் டாக்டரைப் பார்க்கப் போவதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், நீ உளறிவிடாதே. படத்தை விளக்கில் வைத்துப் பார்த்த டாக்டர், ஃபேக்டரியில் எத்தனை வருஷம் வேலை செய்தீர்கள் அம்மா என்று கேட்டார். நான் அந்த வாசலைக்கூட மிதித்ததில்லை என்றேன். அவர் மறுபடி படத்தைப் பார்த்தார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இரு. முதலில் எக்ஸ்ரே, அப்புறம்தான் மற்றது.

உன் அம்மா